பங்காளர் பிரிவும் பங்கின் பெறுமதியும்

கூடி வாணிகம் தொடங்குவோர் முதலைப் பற்றிப் பேசுவர். இலாபத்தைப் பற்றியும் பேசுவர். பிரியும் நாளைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. மங்கல காரியத்தின் தொடக்கத்தில் பிரிவைப் பேசுதல் நன்றன்று என்பது நம்மவரின் எண்ணம். ஆயினும் இறப்பினாலோ, பிணக்கினாலோ, வேற்றூர் சென்று குடியேறுவதினாலோ, பங்காளர் பிரியும் நாள் ஒன்று வந்தே தீரும். அந்நாளில் எழும் வினா ஒன்றே: பிரிந்து செல்பவனுக்கு உரியது எவ்வளவு? இவ்வினாவிற்குத் தம்முள் விடை காணமாட்டாதார் நீதிமன்றத்தை நாடுகின்றனர். ஒருவர் பங்கை மற்றவர் வாங்கிக்கொள்ளுமாறு மன்று கட்டளையிடலாம். ஆனால் "வாங்குக" எனக் கூறுதல் எளிது. "இவ்வளவுக்கு வாங்குக" எனக் கூறுதலே அரிது. அவ்வருமையை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இப்பொருள் சட்ட அறிஞர்க்கு மட்டும் உரியதன்று. அட்டன், தலவாக்கலை, நாவலப்பிட்டி, நுவரெலியா ஆகிய மலைநாட்டு நகரங்களின் கடைவீதிகளை நோக்குவோமாயின், அண்ணன் தம்பியரும், மாமன் மைத்துனரும், ஓரூரிற் பிறந்தாரும் கூடி நடத்திய கடைகளே அங்கு மிகுதி என்பது புலனாகும். ஒருவர் முதலிட்டார், மற்றொருவர் பெட்டியடியில் அமர்ந்தார், இன்னொருவர் தோட்டந்தோறும் சென்று பற்று வசூலித்தார். பேரேட்டில் முதலின் கணக்கு இருக்கும். உழைப்பின் கணக்கு இராது. நம் மாணவர் பலர் இத்தகைய குடும்பங்களிலிருந்து வந்தவரே. ஆதலின் இதனை அவர்கள் அறிந்திருத்தல் நலம்.

சட்டத்தின் அடிப்படை

இலங்கையின் பொதுச் சட்டம் உரோம ஒல்லாந்தச் சட்டமாயினும், பங்குடைமை பற்றிய வழக்குகளுக்கு அது பெரும்பாலும் இடந்தருவதில்லை. 1866 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், பங்குடைமை, கூட்டுப்பங்குக் கம்பனி, வங்கி முதலிய விடயங்களில் இங்கிலாந்தில் அவ்வக் காலத்து வழங்கும் சட்டமே இங்கும் வழங்குக என விதித்தது. ஆகவே 1890 ஆம் ஆண்டில் இங்கிலாந்திற் பிறந்த பங்குடைமைச் சட்டம் அட்டன் கடைவீதிக்கும் உரியதாயிற்று. ஆனால் நிலத்தின் உடைமையும் உரித்தும் கைமாற்றமும் பற்றிய இங்கிலாந்துச் சட்டத்தை அக்கட்டளைச்சட்டம் இங்கு கொண்டுவரவில்லை. தேயிலைக் காணியைத் தம் சொத்தாகக் கொண்ட பங்குடைமையில் இவ்வேறுபாடு முக்கியமானது.

இதற்கும் முற்பட்டது 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச்சட்டம். நூறு பவுண், அதாவது ஆயிரம் ரூபாய், என்னும் எல்லைக்கு மேற்பட்ட முதலையுடைய பங்குடைமை எழுத்தில் அமைந்து ஒப்பமிடப்பட்டிருத்தல் வேண்டும் என்பது அதன் விதி. அக்காலத்தில் ஆயிரம் ரூபாய் பெருந்தொகை. இக்காலத்தில் ஒரு தேநீர்க் கடைக்கேனும் போதாது. ஆகவே இன்று ஏறத்தாழ எல்லாப் பங்குடைமைகளும் இவ்விதிக்குள் அடங்கும். வாய்ச்சொல்லை நம்பி இருபது ஆண்டு உழைத்தவன், தன் பங்கின் பெறுமதியைப் பற்றி வாதிடுமுன் தான் பங்காளன் என்பதையே நிலைநாட்ட இயலாதவனாக நிற்றல் கூடும். பெறுமதி பற்றிய வழக்கின் முதற்படி இதுவே.

எழுத்து இருப்பின் அடுத்த படிக்குச் செல்லலாம். பங்காளன் ஒருவனுக்குரிய பங்கு என்பது யாது? கடையிலுள்ள மூன்று அலுமாரிகளில் ஓர் அலுமாரி அன்று. நிலத்தில் மூன்றில் ஒரு துண்டும் அன்று. கடன்களைக் கொடுத்து, பங்காளர் தனியே ஈந்த கடனைத் தீர்த்து, அவரவர் இட்ட முதலைத் திருப்பியளித்தபின், எஞ்சுவதை இலாப விகிதத்திற் பகிரும்பொழுது கிடைப்பதே பங்கு. 1890 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 44 ஆம் பிரிவு இவ்வொழுங்கையே கூறுகின்றது. அடங்கி நாராயணப்பா என்பார் வழக்கில் 1966 இல் இந்திய உயர் நீதிமன்றமும், கூட்டுச் சொத்தில் நிலம் இருந்தபோதிலும் பங்காளனின் உரிமை தேறிய சொத்தின் ஒரு கூறேயாம் எனத் தெளிவுபடுத்திற்று.

பொதுவாகப் பங்குடைமை கலைந்தால் சொத்தை விற்றுப் பணமாக்கிப் பகிர்தலே முறை. ஆனால் நன்கு நடைபெறும் தொழிலை ஏலத்திற் கொணர்தல் இருவர்க்கும் இழப்பாகலாம். 1876 இல், சையேர்ஸ் என்னும் பெயருடைய இருவரிடை இலண்டன் இசை அரங்கு ஒன்று பற்றி எழுந்த வழக்கில், ஒருவரின் பங்கு எட்டில் ஒன்றாக மட்டும் இருந்தமையின், முழுத் தொழிலையும் விற்காது, அவ்வெட்டில் ஒன்றை மதிப்பிட்டு மற்றவர் வாங்கிக்கொள்ளுமாறு பிரபுக்கள் சபை கட்டளையிட்டது. மன்றின் ஆணையாற் பங்கை வாங்குதல் என்னும் முறைக்கு இது முன்னோடியாகும். ஏலம் கூறுவோன் இன்மையின், விலையைக் கூறும் பொறுப்பு இங்கு மதிப்பீட்டாளர்மேற் சார்கின்றது.

ஒரு பங்கு, ஐந்து விலை

கருத்து விளங்குதற்பொருட்டு ஒரு கணக்கைக் கற்பித்துக்கொள்வோம். மூவர் சமபங்காகக் கூடிச் சிறியதொரு தேயிலைக் காணியும், கொழுந்து வாங்கி அரைக்கும் ஆலையும் நடத்துகின்றனர் என வைப்போம். நிலம் ஏட்டில் 10 இலட்சம் ரூபாய். இன்றைய விலை 92 இலட்சம். இயந்திரம் ஏட்டில் 12 இலட்சம். சந்தையில் 30 இலட்சம். இருப்புச் சரக்கு 18 இலட்சம். வரவேண்டிய கடன் 14 இலட்சம். அதில் 4 இலட்சம் வாராக் கடன். வங்கிக்கும் பிறர்க்கும் கொடுக்கவேண்டியது 39 இலட்சம்.

ஏட்டுப் பெறுமதியிற் கணக்கிடின் சொத்து 54 இலட்சம். கடன் போகத் தேறியது 15 இலட்சம். பிரிவோன் பங்கு 5 இலட்சம். சந்தைப் பெறுமதியில், வாராக் கடனையும் நீக்கிக் கணக்கிடின் சொத்து 150 இலட்சம். தேறியது 111 இலட்சம். பங்கு 37 இலட்சம்.

இனி, வாங்குவோன் நோக்குவது வருவாயையன்றோ என ஒருவர் வாதிடலாம். ஆண்டு இலாபம் 15 இலட்சம் எனவும், அதனைப்போல் ஆறு மடங்கு தொழிலின் பெறுமதி எனவும் கொள்வோம். தொழில் 90 இலட்சம். பங்கு 30 இலட்சம். எதிர்க்கட்சியார் எழுந்து, "எஞ்சிய இருவரும் சம்பளம் பெறாது உழைத்தனர், அவ்விடத்திற்கு ஆள் வைத்திருப்பின் ஆண்டுக்கு 6 இலட்சம் சென்றிருக்கும், ஆதலின் உண்மை இலாபம் 9 இலட்சமே" என்பர். அவ்வாறாயின் தொழில் 54 இலட்சம். பங்கு 18 இலட்சம். இறுதியாக, "மூன்றில் ஒரு பங்கை வாங்கியவன் ஆட்சியைப் பெறான், ஆகவே நூற்றுக்கு முப்பது குறைக்க" என மற்றொருவர் கூறுவாராயின், 37 இலட்சம் 25 இலட்சத்து 90 ஆயிரமாகும்.

ஐந்து, முப்பத்தேழு, முப்பது, பதினெட்டு, இருபத்தைந்தே முக்காலுக்குச் சற்று மேல் என ஒரே பங்கிற்கு ஐந்து விலைகள் கிடைத்தன. இவற்றுள் எக்கணக்கிலும் கூட்டற் பிழை இல்லை. கழித்தற் பிழையும் இல்லை. ஆதலின் தகராறு எண்ணிலன்று, எண்ணுமுன் கொள்ளும் கொள்கையில் உள்ளது என்பது பெறப்படும். வழக்குகளைப் படிப்போர் இதனை முதலில் உளங்கொள்ளல் வேண்டும்.

ஏடும் உண்மையும்

ஏட்டுப் பெறுமதி பெரும்பாலும் வாங்கிய நாளின் விலையிலிருந்து தேய்வைக் கழித்தது. ஆண்டுதோறும் இலாபத்தைக் காண்பதற்கு அது உதவும். பிரிவோனுக்கு நீதி வழங்க அது போதாது. குருக்சாங்கு எதிர் சதலாந்து என்னும் வழக்கில் 1922 இல் பிரபுக்கள் சபை இதனை ஆராய்ந்தது. இறந்த பங்காளரின் பங்கை ஏட்டில் உள்ளவாறே கொடுத்தாற் போதும் என எஞ்சியோர் வாதிட்டனர். உடன்படிக்கையில் அவ்வாறு விதிக்கப்படாமையின், சொத்துக்களின் உண்மையான பெறுமதியைக் கொண்டே கணக்கிடல் வேண்டும் எனச் சபை தீர்ப்பளித்தது. பிற்காலத்து மன்றுகள் இதனை எல்லா வழக்குக்கும் ஒரே விதியாகக் கொள்ளவில்லை. உடன்படிக்கையின் சொற்களையும் அக்கூட்டின் வழக்கத்தையும் ஆராய்ந்தே முடிவு செய்தன. எழுதிய சொல்லின் வலிமை இதனாலும் புலனாகின்றது.

சிலப்பதிகாரம் கற்றோர் இங்கு ஒன்றை நினைவுகூர்வர். கோவலன் கொணர்ந்த சிலம்பை மதிப்பிட்டவன் தானே களவு செய்த பொற்கொல்லன். அவன் சொல்லைப் பாண்டியன் ஆராயாது ஏற்றான். சிலம்பை உடைத்து உள்ளிருந்த பரல் யாதெனக் கண்டபோதே உண்மை வெளிப்பட்டது. மதிப்பிடுவோன் நயப்பேறு உடையவனாயிருத்தல் ஆகாது. வெளித்தோற்றத்தொடு நில்லாது உள்ளிருப்பதையும் காணல் வேண்டும். இவ்விரண்டும் இன்றைய மதிப்பீட்டுக்கும் பொருந்தும். ஆலையை நடத்தும் பங்காளனே தன் கணக்காளரைக்கொண்டு மற்றவன் பங்கை மதிப்பிடும்பொழுது ஐயம் எழுதல் இயல்பே. அக்காரணம்பற்றியே மன்றுகள் தாமே ஓர் ஆணையாளரையோ கணக்காய்வாளரையோ அமர்த்துகின்றன.

உள்ளிருக்கும் பரல்களுள் ஒன்று நன்மதிப்பு. பழகிய வாடிக்கையாளர் மீண்டும் அக்கடைக்கே வருவர் என்னும் எதிர்பார்ப்பின் விலையே அது. 1896 இல் திரேகோ எதிர் அண்ட் என்னும் வழக்கில், நன்மதிப்பை விலைக்குக் கொடுத்தவன் பழைய வாடிக்கையாளரைத் தனித்து அழைத்துத் தன்பால் இழுத்தல் ஆகாது எனப் பிரபுக்கள் சபை கூறிற்று. விலை பெற்றபின் அதே பொருளை மீளக் கவர்தல் நெறியன்று என்பதே கருத்து. தேயிலைத் தொழிலில் நன்மதிப்பு ஆலையின் குறிப்பெயரில் தங்குகின்றது. 1883 ஆம் ஆண்டு தொடங்கிய கொழும்பு ஏலத்தில், வாங்குவோர் பெட்டியின்மேல் உள்ள குறியைக் கண்டே நம்பிக்கை கொள்வர். அந்நம்பிக்கைக்கும் ஒரு விலை உண்டு; ஏட்டில் அது பெரும்பாலும் காணப்படுவதில்லை.

எந்நாளின் விலை?

முறையைத் தீர்மானித்தபின்னும் நாளைத் தீர்மானித்தல் வேண்டும். மலைநாட்டின் வரலாறே இதற்குத் தக்க சான்று. 1869 இல் கோப்பி இலையில் துருநோய் காணப்பட்டது. அதன்பின்னும் சில ஆண்டுகள் உலகச் சந்தையிற் கோப்பியின் விலை உயர்ந்திருந்தமையால் தோட்டங்கள் பெருவிலை பெற்றன. 1880 களில் நோய் முற்றித் தொழில் அழிந்தது. 1884 இல் ஓரியன்ரல் வங்கியும் வீழ்ந்தது. அதே நிலம், அதே மலை, அதே மழை; பத்தாண்டு இடையீட்டில் பங்கின் விலையோ மலையும் மடுவுமாயிற்று. யேம்சு தெயிலர் 1867 இல் லூல்கந்துரையிற் பயிரிட்ட பத்தொன்பது ஏக்கர்த் தேயிலையின் பெறுமதியை அன்றைய ஏடு எதுவும் கூறியிராது.

அண்மைக் காலமும் இதனையே காட்டுகின்றது. 2021 இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை விளைவு 2022 இல் 25 கோடி அளவிற்குச் சுருங்கிற்று. அவ்வாண்டிலேயே ரூபாயின் மதிப்பு வீழ்ந்தது. மார்ச்சுத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாய்க்குக் கிடைத்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாயளவிற்று. ஏலத்தில் தேயிலையின் ரூபாய் விலை முந்திய ஆண்டினும் ஏறத்தாழ இருமடங்காயிற்று. 2021 திசம்பரில் மதிப்பிட்ட பங்கும் 2022 திசம்பரில் மதிப்பிட்ட பங்கும் ஒன்றாதல் எங்ஙனம்?

இங்கிலாந்துச் சட்டம் இதற்கு இருவகையில் விடை கூறும். பங்குடைமையைப் பொறுத்தவரை, பிரிந்த நாளில் இருந்த சொத்து அனைவர்க்கும் உரியது. கணக்குத் தீருமுன் எஞ்சியோர் அதனைக்கொண்டு தொழில் நடத்தின், பிரிந்தோன் இரண்டில் ஒன்றைத் தேரலாம்: தன் பங்கினால் விளைந்த இலாபம், அல்லது ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்து வட்டி. இது 42 ஆம் பிரிவு. 1890 இல் ஐந்து வீதம் நியாயமானதே. ஆனால் 2022 செப்தெம்பரில் கொழும்பு விலைச்சுட்டியின்படி பணவீக்கம் ஏறத்தாழ எழுபது வீதமாயிருந்த நாட்டில், ஐந்து வீதம் பெறுவோன் உண்மையில் முதலையே இழக்கின்றான். ஆகவே இத்தெரிவைக் கணக்கறியாது செய்தல் பேரிழப்பாகும்.

நிலத்தைப் பற்றிப் பாக்கிளேசு வங்கி நம்பிக்கைக் கம்பனி எதிர் பிளவ் என்னும் வழக்கு மேலும் தெளிவு தரும். தந்தையும் மகனும் கூடிப் பண்ணை நடத்தினர். தந்தை இறந்தபின் மகன் தொடர்ந்து நடத்த, நிலத்தின் விலை பன்மடங்கு ஏறிற்று. அவ்வேற்றம் மகனின் உழைப்பால் வந்த இலாபமன்று, சொத்தின் வளர்ச்சியே. ஆதலின் தந்தையின் பங்கிற்கு உரியோர்க்கும் அதிற் கூறு உண்டு என மன்று தீர்ப்பளித்தது. நுவரெலியாப் பகுதியில் நிலவிலை ஏறுவதைக் காண்போர் இதன் பயனை எளிதில் உணர்வர்.

கம்பனிப் பங்காயின், வாங்குமாறு கட்டளையிடும் நாளை ஒட்டிய பெறுமதியே பொதுவாகத் தொடக்கம். ஆயினும் நீதி வேறு நாளை வேண்டுமாயின் மன்று அதனைக் கொள்ளும்.

சிறுபங்கின் சிக்கல்

இக்காலத்திற் பங்குடைமைகள் பல தனியார் கம்பனிகளாக மாறிவிட்டன. பெயர் மாறினும் உள்ளம் மாறவில்லை. அதே அண்ணன் தம்பியர், அதே மாமன் மைத்துனர். கம்பனியிற் பெரும்பங்குடையோர் சிறுபங்குடையோரை நெருக்குவாராயின், 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் 224, 225 ஆம் பிரிவுகளின்கீழ் அவர் முறையிடலாம். பங்கை வாங்கிக்கொள்ளுமாறும் மன்று கட்டளையிடலாம். அச்சட்டம் பங்கின் முகப்பெறுமதியையும் நீக்கிவிட்டது. பத்து ரூபாய்ப் பங்கு என அச்சிட்ட தாளைக் காட்டிப் பத்து ரூபாய்தான் உன் பங்கு எனக் கூறும் வாதத்திற்கு அதனால் இடமில்லாது போயிற்று.

நெருக்கியோனே தன் நெருக்கத்தினாற் குறைந்த விலைக்குப் பங்கை வாங்கலாமா? இதற்கு விடை தந்தது ஸ்கொத்லாந்தில் எழுந்த மேயர் வழக்கு. 1946 இல் ஒரு கூட்டுறவுச் சங்கமும் மேயர், இலூக்கசு என்னும் இருவரும் கூடி இரேயன் துணி நெசவுக் கம்பனி ஒன்றை அமைத்தனர். சங்கத்திடம் 4,000 பங்கு, இருவரிடம் 3,900. போர்க்காலக் கட்டுப்பாடுகள் நீங்கி இருவரின் துணை வேண்டாதாகியபொழுது, சங்கம் கம்பனிக்கு மூலப்பொருள் கிடையாவாறு செய்து அதனை வாடவிட்டது. பங்கின் விலை வீழ்ந்தது. 1958 இல் பிரபுக்கள் சபை, அந்நெருக்கம் நிகழாதிருப்பின் வழக்குத் தொடங்கிய நாளில் அப்பங்கு பெற்றிருக்கக்கூடிய பெறுமதியையே கொள்க என்று, பங்கு ஒன்றுக்கு 3 பவுண் 15 சிலின் விதித்தது. பயிரை வாடவிட்டவன் வாடிய பயிரின் விலையைப் பேசுதல் ஆகாது என்பதே இதன் சாரம்.

சிறுபங்கிற்குக் கழிவு வைக்கும் வழக்கத்தையும் மன்றுகள் ஆராய்ந்தன. சந்தையில் விரும்பி விற்போன் கழிவை ஏற்கலாம். விரும்பாது வெளியேற்றப்படுவோன் ஏற்பானேன்? தம்முள் நம்பிக்கையினாற் கூடிய சிறு கம்பனியில், குற்றமின்றி வெளியேற்றப்பட்டவரின் பங்கைக் கழிவின்றி விகிதப்படி மதிப்பிடல் வேண்டும் என்னும் கொள்கையை 1985 இல் பேட் பிரசிசன் பெல்லோசு வழக்கில் இங்கிலாந்தின் மேன்முறையீட்டு மன்று உறுதிப்படுத்திற்று. நம் கற்பனைக் கணக்கில் 25 இலட்சத்து 90 ஆயிரத்திற்கும் 37 இலட்சத்திற்கும் இடையேயுள்ள பதினொரு இலட்சம் இவ்வொரு கொள்கையைப் பொறுத்தது.

நீலகிரியில் எழுந்த வழக்கு

நம் மலைநாட்டோடு உறவுடைய மற்றொரு மலைநாடு நீலகிரி. 1964 ஆம் ஆண்டுச் சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கையின்பின் நம்மவர் பலர் சென்று குடியேறிய இடம் அது. அங்குக் கேத்தியில் ஊசி செய்யும் ஆலையை நடத்திய நீடில் இந்தசுட்ரீசு கம்பனியின் வழக்கு, இந்திய உயர் நீதிமன்றத்தில் 1981 இல் முடிவுற்றது. வெளிநாட்டார் கைவசமுள்ள பங்கு குறைதல் வேண்டும் என்னும் அந்நியச் செலாவணிச் சட்டத்தை ஒட்டி, 1977 ஏப்பிரலில் அக்கம்பனி 16,000 புதிய பங்குகளை 100 ரூபாய் முகப்பெறுமதிக்கே வெளியிட்டது. வெளிநாட்டு நிறுவனத்திற்கு அறிவிப்பு உரிய காலத்திற் கிட்டவில்லை. பங்குகள் இந்தியக் கட்சியாரிடமே சென்றன. அப்பங்கின் உண்மைப் பெறுமதியோ 190 ரூபாய்.

நெருக்குதல் நிகழ்ந்ததென மன்று கொள்ளவில்லை. ஆயினும் ஒருவர் இழப்பில் மற்றவர் நலம் பெறுதல் தகாதென்று, பங்கு ஒன்றுக்கு 90 ரூபாய் வேறுபாட்டை இந்தியக் கட்சியார் ஈடு செய்யுமாறு கட்டளையிட்டது. குற்றம் காணாத இடத்தும் பெறுமதியின் வேறுபாட்டைச் சமன்செய்தல் நீதிமன்றின் கடமை என்பதற்கு இது சிறந்த எடுத்துக்காட்டு. நடுவுநிலைமையைத் துலாக்கோலுக்கு உவமித்த நம் முன்னோர் இதனை மறுக்கார்.

தேயிலையின் தனித்தன்மை

தேயிலைச் சொத்தை மதிப்பிடுவோர் வேறு சிலவற்றையும் நோக்கல் வேண்டும். முதலாவது, நிலம் யாருடையது? 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தாற் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவை பிராந்தியக் கம்பனிகளின் பரிபாலனத்துக்கு விடப்பட்டன. நிலம் அரசினதே, கம்பனிக்கு உள்ளது 2045 இல் முடியும் 53 ஆண்டுக் குத்தகை. எனவே அக்கம்பனியின் பங்கை மதிப்பிடுவோன் எஞ்சிய ஆண்டுகளை எண்ணுதல் வேண்டும். ஆண்டுதோறும் அப்பெறுமதியில் ஓராண்டு கழிகின்றது. அக்கம்பனிகளின் பங்கில் நூற்றுக்குப் பத்து தோட்டத் தொழிலாளர்க்கு இலவசமாக வழங்கப்பட்டமையின், சிறுபங்கின் பெறுமதி பற்றிய ஆராய்ச்சி கொழுந்து கொய்யும் கைக்கும் உரியதாயிற்று.

இரண்டாவது, செடியின் பெறுமதி. 2016 முதல் வழங்கும் கணக்கீட்டு நியமத்தின்படி தேயிலைச் செடி, இயந்திரத்தைப்போல், செலவிலிருந்து தேய்வு கழித்துக் கணிக்கப்படலாம். அதிற் கொய்ய நிற்கும் கொழுந்தும், தோட்டத்தில் வளரும் வெட்டுமரமும் நியாயச் சந்தைப் பெறுமதியிற் கணிக்கப்படும். அருகருகே நிற்கும் யூக்கலிப்டசு மரமும் தேயிலைச் செடியும் ஏட்டில் இருவேறு கோலால் அளக்கப்படுகின்றன. மரத்தின் பெறுமதி உயர்வு இலாபமாகத் தோன்றும்; ஆனால் மரம் வெட்டப்படாதவரை கையில் ஒரு சதமும் இராது. இதனை அறியாது ஆண்டறிக்கையின் இலாபத்தை ஆறால் பெருக்குவோன் இடறுவான்.

மூன்றாவது, பெரும்பாலும் மறக்கப்படுவது, பணிக்கொடை. 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, ஐந்தாண்டு நிறைந்த தொழிலாளிக்குச் சேவையாண்டு ஒவ்வொன்றுக்கும், மாதச் சம்பளத்தாராயின் அரைமாதச் சம்பளமும், ஏனையோராயின் பதினான்கு நாட் சம்பளமும் விலகும்பொழுது உரியன. முப்பதாண்டு கொழுந்து கொய்தவளுக்கு 420 நாட் சம்பளம் உரியது. ஆலையின் பெறுமதியைக் கூட்டிப் பங்காளர் தம்முட் பகிருமுன் இத்தொகையைக் கழித்தல் வேண்டும். கழியாது பகிர்வாராயின் அவர் பகிர்வது தம் பணமன்று. இன்னும் வேலைக்காட்டில் நிற்பவளின் பணம். பங்காளர் இருவரின் பிணக்கு என நாம் எண்ணும் வழக்கில், மன்றிற்கே வாராத மூன்றாமவர் ஒருவரின் உரிமையும் அடங்கியிருத்தல் இவ்வாறாகும்.

கொள்ளத்தக்கன

இவ்வாராய்ச்சியாற் பெறப்படுவன சில. பங்குடைமையை எழுத்தில் அமைத்து ஒப்பமிடுக. பிரிவு நேரின் மதிப்பிடும் முறை ஏட்டுப் பெறுமதியா, சந்தைப் பெறுமதியா, வருவாய்ப் பெருக்கமா என்பதை அவ்வெழுத்திலேயே கூறுக. எந்நாளின் விலை என்பதையும், நன்மதிப்பு சேருமா என்பதையும், உழைக்கும் பங்காளருக்குச் சம்பளம் உண்டா என்பதையும் கூறுக; சட்டம் தானாக அச்சம்பளத்தை வழங்காது. மதிப்பீட்டாளரை இருவரும் ஒப்பி அமர்த்துக. இருவரும் ஒப்பிய நடுநிலை வல்லுநரின் முடிவை, வஞ்சமோ அடிப்படைத் தவறோ காணப்பட்டாலன்றி, மன்றுகள் எளிதில் மாற்றா. பணத்தை எத்தவணைகளிற் கொடுப்பது என்பதும் எழுதப்படல் நன்று. ஒரே நாளிற் கொடுக்குமாறு வற்புறுத்தின் கொடுப்போன் கடையும் மூடப்படலாம்.

கம்பனி வழக்குகளைக் கேட்கும் வணிக மேல் நீதிமன்றம் கொழும்பில் உள்ளது. பொகவந்தலாவையிலிருந்தோ மஸ்கெலியாவிலிருந்தோ வழக்காடுவோன் தவணைதோறும் அங்குச் செல்லும் செலவையும், இரு கட்சியாரும் தனித்தனி அமர்த்தும் கணக்காளர் கூலியையும், வழக்கு நீளும் ஆண்டுகளையும் கூட்டிப் பார்த்தால், சிறிய பங்கு ஒன்று வழியிலேயே கரைந்துபோதல் வியப்பன்று.

பங்கின் நியாய விலை என்பது தராசிற் கண்டெடுக்கும் எடை போன்றதன்று. கூடிய நாளில் ஒருவர்க்கொருவர் அளித்த வாக்கை, பிரியும் நாளில் எண்ணாற் சொல்லும் முயற்சியே அது. வாக்கு எழுதப்பட்டிருப்பின் எண் எளிதாகும். எழுதப்படாவிடின், அதனை ஊகித்து எழுதும் பணி அறிமுகமில்லாத நீதிபதி ஒருவரைச் சாரும். அவர் எத்துணை நடுவுநிலையாளராயினும், பெட்டியடியில் அமர்ந்தவனின் இருபது ஆண்டை அவர் கண்டிலர். கண்டவர் அக்கூட்டாளிகள் மட்டுமே. ஆதலின், நட்பு நிலவும் நாளிலேயே அவர்கள் அதனை எழுதிவைத்தல் வேண்டும்.